செத்தது யார் என்று கேட்கும் கதைகள்

இத்தனை ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் பார்த்த குற்றக் கதைகளை இப்போது மனதில் ஓட்டிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கொலை செய்தவன் யார் என்று மண்டையைக் குடைந்துகொண்டு பார்த்தவை பெரும்பாலும் மறந்துவிட்டன. 1985-இல் தூர்தர்ஷனில் வந்த ‘கரம்சந்த்’ என்றால் பங்கஜ் கபூர் கடித்த கேரட் ஞாபகம் வருகிறது. அவர் துப்புத் துலக்கிய வழக்குகளில் ஒன்றுகூட வருவதில்லை. 1993-இல் பாசு சாட்டர்ஜி இயக்கிய ‘பியோம்கேஷ் பக்ஷி’யில் ரஜித் கபூரின் நிதானம் நிற்கிறது, முடிச்சு அவிழ்ந்த விதம் நிற்கவில்லை. சமீப ஆண்டுகளில் பார்த்த சில தொடர்கள் அப்படிக் கரைந்துபோகவில்லை. அவற்றில் துப்பாக்கி அபூர்வமாகத்தான் வெடிக்கிறது. பின்னணி இசை காதைப் பிளப்பதில்லை. போலீஸ்காரர் களைத்துப்போய் பெஞ்சில் உட்காருகிறார், யாரோ ஒருவரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார். பார்த்து முடித்து மாதங்கள் ஆனபிறகும் அந்தக் கதைகளில் செத்துப்போனவர் மனதை விட்டுப் போவதில்லை. கொன்றவனைவிட இறந்தவரை நினைவில் நிறுத்துவதுதான் இந்த அடக்கமான குற்றத் தொடர்களின் ஈர்ப்பு என்பது என் முடிவு. ‘கொன்றது யார்’ என்ற கேள்விக்கு முன்னால் ‘செத்தது யார்’ என்று அவை கேட்கின்றன. அந்தக் கேள்வியை அவை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் நாமும் அவற்றை விடாமல் பார்க்கிறோம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் இலுப்பூர் மாதிரி ஊர்களில் குற்றக் கதைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. 1942-இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய ‘தினத்தந்தி’ கொலைச் செய்தியை எளிய தமிழில் எழுதி, எழுத்துக் கூட்டிப் படிப்பவரையும் டீக்கடை பெஞ்சில் வாசகராக்கியது. அதற்கும் முன்பே சந்தைகளில் கொலைச் சிந்து பாடி விற்றார்கள். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா என்று பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்கள் ஒரு தலைமுறையையே துப்பறிய வைத்தன. பிறகு கேபிள் வந்தது. 1990களில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வந்தது. அதன் ‘விடாது கருப்பு’ எங்கள் பக்கத்தில் பிடித்த பிடிக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அன்னவாசல், விராலிமலை, குடுமியான்மலை என்று எந்தத் திசையில் போனாலும் ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்பவர் கருப்பர். போலீஸ் ஸ்டேஷனில் தீராத பிராதை அவரிடம் கொண்டுபோய் காசு வெட்டிப் போடுகிற மண் இது. தப்பு செய்தவனைக் கருப்பர் விடமாட்டார் என்ற நம்பிக்கையும், குற்றவாளி கடைசியில் பிடிபட்டே தீருவான் என்ற துப்பறியும் கதையின் வாக்குறுதியும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. இரண்டிலும் கவனம் முழுவதும் தண்டனைக்குரியவன் மேல்தான். வெட்டுப்பட்டவர் யார், அவர் யாருக்குப் பிள்ளை, அவர் போனதால் எந்த வீட்டில் என்ன குறைந்தது என்பதற்கு அங்கே இடம் குறைவு.

சினிமா போலீஸ் இதை இன்னும் கூர்மையாக்கியது. 1974-இன் ‘தங்கப்பதக்கம்’ எஸ்.பி. சௌத்ரியில் தொடங்கி ‘சாமி’, ‘காக்க காக்க’, ‘சிங்கம்’ வரை வந்த அதிகாரிகளின் வரிசையில் ஒவ்வொரு மரணமும் நாயகனின் கோபத்துக்கு விறகு. நண்பன் சாவான், மனைவி சாவாள். அடுத்த காட்சியில் ஜீப் பறக்கும். இரண்டரை மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டிய கலைக்கு வேறு வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படங்களைத் திரையரங்கில் கைதட்டிப் பார்த்த மகிழ்ச்சியும் பொய் இல்லை. ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு ஒரு விலை இருந்தது. பார்த்துப் பார்த்து, சாவு என்றால் பழிவாங்கலின் முதல் படி என்று மனம் பழகிப்போனது. அந்தப் பழக்கத்தை முறிக்க ஏழெட்டு அத்தியாயங்கள் ஓடக்கூடிய, இடைவேளையும் சண்டைப் பாட்டும் தேவைப்படாத ஒரு வடிவம் வர வேண்டியிருந்தது. ஓடிடி என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் இந்த வடிவம் தமிழுக்கு ஆற்றிய பெரிய உதவி இதுதான்.

2022 பிப்ரவரியில் ஜீ5-இல் வெளியான ‘விலங்கு’ எங்கள் பக்கத்துக்கு மிக நெருக்கமானது. விராலிமலையைத் தாண்டினால் திருச்சி மாவட்டம். அந்த மாவட்டத்து வேம்பூர் என்னும் காவல் நிலையத்தில்தான் கதை நடக்கிறது. பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கம். எஸ்.ஐ. பரிதியாக நடித்த விமல் மணப்பாறைப் பக்கத்துக்காரர் என்பதால் பேச்சில் ஒட்டவைத்த தன்மை கொஞ்சமும் இல்லை. காட்டுக்குள் அழுகிய நிலையில் ஓர் உடல் கிடக்கிறது. யார் என்று தெரியவில்லை. காவலுக்கு ஆள் போட்டிருந்தும் விடிவதற்குள் அந்த உடலின் தலை காணாமல் போகிறது. இப்படி ஒரு சூழலில் சினிமா நாயகன் பல்லைக் கடித்து வசனம் பேசியிருப்பார். பரிதிக்கு வருவது பயம். மேலதிகாரிக்கு என்ன பதில் சொல்வது, பாராவில் இருந்தவனுக்கு வேலை போய்விடுமே, வீட்டில் கர்ப்பிணி மனைவியிடம் இன்று எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்வது. இந்தக் கவலைகளோடுதான் அவர் காட்டில் நடக்கிறார். ஏட்டையாக்களின் அரட்டை, ரைட்டரின் மேசை, ஸ்டேஷனில் எடுபிடி வேலை செய்துகொண்டு ஒண்டிக் கிடக்கும் கிச்சா என்ற மனிதர், இவை எல்லாம் அலங்காரத்துக்கு வைத்தவை இல்லை என்பது போகப் போகப் புரிகிறது. அந்த உடலுக்கு ஒரு பெயர் கிடைக்கும்வரை விசாரணை ஓர் அங்குலம் நகராது என்பதுதான் அந்தத் தொடரின் இயந்திரம். தமிழ்நாட்டில் எந்தக் காவல் நிலையத்திலும் நடப்பது இதுவே. சந்தேக மரணம் என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவில் வழக்கு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதுவே 194-ஆம் பிரிவு. எண் மாறினாலும் வேலை மாறவில்லை. உடலைப் பார்த்தவர்களின் வாக்குமூலம், பிரேத விசாரணை, பிரேதப் பரிசோதனை, பக்கத்து ஸ்டேஷன்களில் ‘ஆள் காணவில்லை’ புகார்களைப் புரட்டுவது என்று ஒரு மனிதருக்கு அவருடைய பெயரைத் திருப்பிக் கொடுக்கும் வேலைதான் முதல் வேலை.

இது திரைக்கதை எழுதுபவரின் கற்பனை என்று நினைப்பவர்கள் 1952-இன் ஆளவந்தார் வழக்கை நினைத்துப் பார்க்கலாம். சென்னையிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் போன போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டி. நாற்றம் தாங்காமல் மானாமதுரையில் இறக்கித் திறந்தால் தலையில்லாத உடல். பிறகு சென்னையில் ராயபுரம் கடற்கரையில் தலை கிடைத்தது. அந்தத் தலையும் அந்த உடலும் ஒருவருடையதுதான், அந்த ஒருவர் ஆளவந்தார்தான் என்று நிறுவிய பிறகே வழக்கு வழக்கானது. மெட்ராஸ் மாநிலமே நாள்தவறாமல் பேப்பர் வாங்கிப் படித்த வழக்கு அது. கொன்றது யார் என்ற சந்தேகம் வழக்கின் ஆரம்பத்திலேயே ஏறக்குறையத் தெளிந்துவிட்டது. இருந்தும் மக்கள் ஆர்வம் குறையவில்லை. ஆளவந்தார் எப்படிப்பட்டவர், அவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட தம்பதியைக் கொலைவரை தள்ளியது எது, தீர்ப்பு என்னவாக இருக்க வேண்டும் என்று ஊர் ஊராக வாதித்தார்கள். புதிர் தீர்ந்த பிறகும் மனிதர்கள் மீது ஆர்வம் தீர்வதில்லை என்பதற்கு இதைவிடப் பழைய, உறுதியான சாட்சி நம்மிடம் வேண்டியதில்லை.

பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த ஒரு தொடர் இதை இன்னும் சுருக்கமாகச் செய்துகாட்டியது. 2023 ஜூனில் அகமது கபீர் இயக்கத்தில் வெளியான ‘கேரளா கிரைம் ஃபைல்ஸ்’ முதல் பருவம் ஆறே அத்தியாயங்கள். எர்ணாகுளத்தில் ஒரு மலிவான லாட்ஜ். அங்கே பாலியல் தொழில் செய்த ஒரு பெண் கொலையுண்டு கிடக்கிறாள். போலீஸுக்குக் கிடைத்தது லாட்ஜ் ரிஜிஸ்டரில் எழுதியிருக்கும் ஒரு வரி: ஷிஜு, பாறையில் வீடு, நீண்டகரை. அந்த முகவரியே பொய். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அஜு வர்கீஸ் நடித்த எஸ்.ஐ. மனோஜும் அவருடைய ஆட்களும் ஊர் ஊராக அலைகிறார்கள். இந்தத் தொடரில் கவனிக்க வேண்டிய இடம் அந்த அலைச்சலின் அளவு. செத்தவள் பணக்கார வீட்டுப் பெண் இல்லை; அவளுக்காக யாரும் சாலை மறியல் செய்யப் போவதில்லை; கேஸைக் கிடப்பில் போட்டால் கேட்க நாதி இல்லை. அப்படி ஒருத்திக்காக ஒரு போலீஸ் குழு சாப்பிடாமல் தூங்காமல் திரிவதைத் தொடர் ஒரு வசனத்தாலும் உயர்த்திச் சொல்வதில்லை. வேலை நடக்கிறது, அவ்வளவுதான். சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான் பார்ப்பவர் மனம் கலங்குகிறது. ஓர் உயிரின் மதிப்பை அந்த உயிருக்காக மற்றவர்கள் செலவழிக்கும் பொறுமையால் அளக்கிற கதை இது.

இறந்தவரைத் தேடுவது என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. 2022 டிசம்பரில் ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கிய ‘வதந்தி’ கன்னியாகுமரிப் பக்கத்துக் கதை. கிடைத்த உடல் ஒரு சினிமா நடிகையுடையது என்று முதலில் செய்தி பறக்கிறது; பிறகு அது வெலோனி என்ற சாதாரணப் பெண்ணுடையது என்று தெரிகிறது. அதற்கப்புறம் ஒவ்வொருவரும் ஒரு வெலோனியைச் சொல்கிறார்கள். பேப்பர்காரர் ஒன்று, எழுத்தாளர் ஒன்று, அக்கம்பக்கம் ஒன்று. எஸ்.ஜே. சூர்யாவின் விவேக் கொலையாளியைத் தேடுவதாகத் தொடங்கி, அந்தக் கதைகளுக்கு அடியில் புதைந்துபோன பெண்ணைத் தேடி முடிக்கிறார். டென்மார்க்கில் 2007-இல் வந்த ‘தி கில்லிங்’ தொடரின் முதல் பருவத்துக்கு இருபது அத்தியாயங்கள். அத்தியாயத்துக்கு ஒரு நாள். போலீஸுக்குக் கொடுத்த அதே அளவு நேரத்தை அது கொலையுண்ட பெண்ணின் அம்மா அப்பாவுக்குக் கொடுத்தது. உலகம் முழுவதும் அதைப் பார்த்ததற்கு அந்தப் பெற்றோரின் துக்கமே முதல் காரணம் என்று நம்புகிறேன். 2019-இல் ரிச்சி மேத்தா எடுத்த ‘டெல்லி க்ரைம்’ 2012-இல் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமையைப் பற்றியது. அந்த வன்முறையைத் திரையில் காட்டவே இல்லை. அடுத்த ஆண்டு சர்வதேச எம்மி விருது பெற்ற முதல் இந்தியத் தொடராக அது ஆனபோது, ஒளித்து வைப்பதும் ஒரு வகை மரியாதை என்பதை அந்த விருது உறுதிசெய்ததாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

இந்தத் தொடர்கள் மெதுவாக நகர்கின்றன, பொழுதுபோக்கு என்று உட்கார்ந்தவரைச் சோதிக்கின்றன என்பது அடிக்கடி கேட்கும் புகார். புகாரில் உண்மை இருக்கிறது. நாள் முழுவதும் கடையில் நின்றுவிட்டு, கடலைக் காட்டில் வேலை பார்த்துவிட்டு வருபவர், இரவில் இன்னொருவரின் அலுப்பைப் பார்க்க வேண்டுமா என்று கேட்பது நியாயம். ஆனால் உண்மையான விசாரணையின் வேகம் என்ன என்பது எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். இதே அன்னவாசல் ஒன்றியத்து வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பர் கடைசியில் தெரியவந்தது. 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. டி.என்.ஏ. பரிசோதனைகள் நடந்தன. 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அந்த மக்களும் பல கட்சிகளும் அதை ஏற்க மறுத்து சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் கொடுமைக்கு ஆளானவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற பேச்சு மெல்ல மங்கி, செய்தது யார் என்ற ஒற்றைக் கேள்வி மட்டும் மிஞ்சியது. இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு, அரை மணி நேரத்தில் முடிச்சவிழும் கதைதான் நம்ப முடியாததாகத் தோன்றும். மெதுவாக நகரும் தொடர் நம் பொறுமையைச் சோதிப்பதாக நாம் நினைக்கும் இடத்தில், நியாயம் கேட்டுக் காத்திருப்பவர்களின் பொறுமை எத்தகையது என்று அது நமக்குக் காட்டுகிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. களைத்த போலீஸ்காரரையும் அவர் வீட்டுக் கஷ்டத்தையும் இவ்வளவு பரிவோடு காட்டுவது காவல்துறைக்கு வெள்ளையடிப்பதாகாதா? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் கைதான சில நாட்களில் இறந்த பிறகு, இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் யாரும் ஒதுக்கிவிட முடியாது. லாக்கப்பில் அடிபட்டவரின் பக்கத்திலிருந்து மு. சந்திரகுமார் எழுதிய ‘லாக்கப்’ நாவலும் அதை ஒட்டி வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’யும் இருக்கும்போது, எஸ்.ஐ.யின் கவலைக்கு எதற்கு நம் கண்ணீர் என்று கேட்பவரை நான் மதிக்கிறேன். இதற்கு என் பதில் இது. போலீஸைக் கடவுளாக்கியது என்கவுன்டருக்குக் கைதட்ட வைத்த படங்கள்தான். காவல் நிலையத்தை ஆட்களும் பேப்பரும் அழுத்தமும் சேர்ந்து இயங்கும் இடமாகக் காட்டும்போது, தவறு எந்த மேசையில் நடக்கிறது, யார் கண்டும் காணாமல் போகிறார்கள், யார் வாய் திறக்கிறார்கள் என்பது தெரிய ஆரம்பிக்கிறது. சாத்தான்குளத்தில் அன்றிரவு நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே ஸ்டேஷனின் ஒரு பெண் தலைமைக் காவலர். அப்படி ஒருவரை நாயகன் படத்தால் கற்பனை செய்யவே முடியாது; அதில் ஏட்டுக்கு வேலை சல்யூட் அடிப்பது மட்டுமே. 2021-இல் திருச்சிப் பக்கத்தில் நடப்பதாக வந்த ‘ரைட்டர்’ படம், மனசாட்சி உறுத்தும் ஒரு ரைட்டரை நடுவில் வைத்து இந்த இடத்தைத் தொட்டது. செத்தது யார் என்று கேட்கும் கதை, ஸ்டேஷனுக்குள் செத்தவரைப் பற்றியும் கேட்டாக வேண்டும். நம் தொடர்கள் அதை இன்னும் போதுமான அளவு கேட்கவில்லை என்ற குறையை நானும் சேர்த்தே சொல்கிறேன்.

மூன்றாவது ஆட்சேபம், இந்தக் கதைகளில் சாவது ஏன் எப்போதும் ஓர் இளம்பெண்ணாக இருக்கிறாள் என்பது. டென்மார்க்கானாலும் கன்னியாகுமரியானாலும் கிடப்பது அவள் உடல்தான்; அவள் வாழ்க்கையின் அந்தரங்கம்தான் அலசப்படுகிறது. அடக்கம் என்ற பெயரில் அதே பழைய வேடிக்கை பார்த்தல் நடக்கிறதா? சில இடங்களில் நடக்கிறது. வதந்தியைக் கண்டிக்கும் ‘வதந்தி’யே வெலோனியின் அழகில் தேவைக்கு மேல் நிற்கிறது. புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய ‘சுழல்’ மயானக் கொள்ளைத் திருவிழாவையும் தொழிற்சாலைத் தகராறையும் ஒரே ஊரில் வைத்து அருமையாகத் தொடங்கி, பிற்பாடு திருப்பங்களின் மோகத்தில் சிக்கிக்கொள்கிறது. அடக்கம் என்பது ஒரு பாணி மட்டும் என்றால் அதையும் யாரும் நகலெடுக்கலாம்; சாம்பல் நிற ஒளியும் மௌனமும் வைத்தால் ஆழம் வந்துவிடாது. இறந்தவர் உயிரோடு இருந்தபோது என்ன விரும்பினார், என்ன வேலை செய்தார், யாரோடு சண்டை போட்டார் என்று அந்தத் தொடருக்குத் தெரிகிறதா என்பதே உரைகல். தெரிந்தால் அது அவருக்குச் செய்யும் மரியாதை. தெரியாவிட்டால் எவ்வளவு நிதானமாக எடுத்தாலும் அந்த உடல் கதைக்கு வேண்டிய ஒரு பொருள் மட்டுமே. இந்த உரைகல்லில் உரசித்தான் ஒவ்வொரு புதுத் தொடரையும் நான் பார்க்கிறேன்.

எனவே இந்தத் தொடர்களுக்கு இன்னும் பரந்த களம் வேண்டும் என்பது என் வாதத்தின் முடிவு. தமிழ்ச் சிற்றூர்களில் நடக்கும் இயற்கைக்கு மாறான மரணங்களில் பல யாரும் துப்பறியாமலே ‘சந்தேக மரணம்’ என்ற இரண்டு சொல்லுக்குள் முடிந்துபோகின்றன: கிணற்றில் விழுந்தவர், பூச்சிமருந்து குடித்தவர், வெளியூர் வேலைக்குப் போய்ப் பெட்டியில் திரும்பியவர், கல் குவாரியில் சிக்கியவர், சாதி மாறிக் கட்டிய பெண். பேப்பரில் இவர்கள் நான்கு வரி. இவர்களில் ஒருவரை எடுத்துக்கொண்டு ஏழு அத்தியாயம் பொறுமையாக நடக்கும் தொடரை எழுத நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள்; எங்கள் பக்கத்துப் பேச்சைப் பிசகாமல் பேசும் நடிகர்கள் இருக்கிறார்கள்; அதைக் கவனித்துப் பார்க்க மக்கள் தயாராக இருக்கிறார்கள் என்பதை ‘விலங்கு’ நிரூபித்துவிட்டது. தயாரிப்பவர்கள் அடுத்த கதைக்கு வெளிநாட்டுத் தொடர்களை அலசுவதற்கு முன்னால், ஒரு தாலுகா ஊரின் காவல் நிலையத்தில் பத்து ஆண்டுகளாகச் சேர்ந்த 174 வழக்குக் கட்டுகளைப் பற்றி அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரைட்டரிடம் பேசட்டும். கொன்றவனைக் காட்டும் கதையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். பெயர் தெரியாமல் போனவருக்குப் பெயர் கொடுக்கும் கதையை அந்த ஊரை அறிந்தவர்தான் செய்ய முடியும். நம் தொலைக்காட்சி இனி செய்ய வேண்டியது அதுதான்.